அவையேறிய பெண்கள் – 9: தண்ணீர்மேல் கூடிய சபை

எர்ணாகுளத்திலிருந்து வைப்பின் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஹைகோர்ட் தாண்டிய சற்று நேரத்தில் முதல் பாலம் வரும். அது இறங்குகிற இடம் போல்காட்டி. டச்சுக்காரர்கள் 1744-ல் கட்டிய அரண்மனை அங்கே இருக்கிறது, இப்போது ஹோட்டல். பயணிகள் அரண்மனை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அதே தீவு மறுபக்கம் நீண்டுபோய் முளவுகாடு என்ற ஊராகக் கிடக்கிறது. 2004-ல் பாலங்கள் திறக்கும்வரை அந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எதற்கும் காயலைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது.

1912 ஜூலை 4-ம் தேதி அந்தத் தீவில் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண் குழந்தைக்குத் தாட்சாயணி என்று பெயர் வைத்தார்கள். அது துணிச்சலான காரியம். கொச்சி ராஜ்யத்தில் புலையப் பெண்களின் பெயர்கள் அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் இருந்தன. தட்சனின் மகளான உமாதேவியின் பெயர் மேல்ஜாதி வீடுகளில் புழங்குவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஜாதி தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊர்களிலும் சேரிப் பிள்ளைக்கு ‘பெரிய’ பெயர் வைத்தால் ஊரில் புருவம் உயர்ந்த காலம் உண்டு. வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் துர்காபாயைப் பார்த்தோம். அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் பன்னிரண்டு தொகுதிகளில் எதைத் திறந்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் அவர் திருத்தம் ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்பார். தாட்சாயணி வேலாயுதனைத் தேடினால் அப்படிக் கிடைக்க மாட்டார். அவர் பேசியது சில தடவைகள்தான். அந்தச் சில தடவைகளிலும் யாருக்கும் சௌகரியமாக இருந்ததில்லை என்பதுதான் இந்த அத்தியாயம்.

அவருக்கு ஒரு வயது நிறையும் முன், 1913-ல், எர்ணாகுளம் காயலில் ஒரு கூட்டம் நடந்தது. காயல் சம்மேளனம் என்று கேரள வரலாற்றில் அதற்குப் பெயர். புலையர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க வேண்டும் என்று பண்டிட் கே.பி. கருப்பன் யோசனை சொன்னார். கருப்பன் மீனவ சமூகத்தில் பிறந்து சமஸ்கிருதம் கற்று ஆசிரியரானவர், கவிஞர். யோசனை சரி, கூடுவது எங்கே? நகரத்தின் பொதுச் சாலைகளில் புலையர் நடமாட முடியாது. யாரும் தங்கள் நிலத்தில் கூட்டம் போட விடமாட்டார்கள். நிலமெல்லாம் மகாராஜாவுக்கோ, கோயிலுக்கோ, ஜன்மி என்ற நிலப்பிரபுவுக்கோ சொந்தம். காயல் யாருக்கும் சொந்தமில்லை. வள்ளங்களையும் தோணிகளையும் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார்கள். அதுவே மேடை, அதுவே மைதானம். தண்ணீரின்மேல் ஆடிக்கொண்டே தீர்மானம் போட்டார்கள். அதிலிருந்து பிறந்தது கொச்சிப் புலைய மகாஜன சபை. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கிருஷ்ணேதி. தாட்சாயணியின் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

இதன் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் இன்னொரு சம்பவமும் உண்டு. எர்ணாகுளத்தில் விவசாயக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். திவான் ஜே.டபிள்யூ. போர். பிற்காலத்தில் இந்தியப் பொதுச் சுகாதாரத்துக்கு 1946-ல் பெரிய அறிக்கை எழுதிக் கொடுத்த அதே போர்தான். கண்காட்சி விழாவில் பேச எழுந்த கருப்பன், இங்கே அடுக்கி வைத்திருக்கிற நெல்லையும் காய்கறியையும் விளைவித்தவர்களுக்கு உள்ளே வர அனுமதியில்லை என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் எங்கே என்று திவான் கேட்க, கருப்பன் காயல் பக்கம் கை காட்டினாராம். தோணிகளில் காத்திருந்த புலையர்கள் அனுமதி கிடைத்ததும் கரையேறி முதல்முறையாக நகரத்துக்குள் நடந்தார்கள்.

தாட்சாயணி வளர்ந்த வீட்டில் இவையெல்லாம் அன்றாடப் பேச்சு. ஆண்கள் குடுமியை எடுத்து முடி வெட்டிச் சட்டை போட்டதும், பெண்கள் மேலாடை அணிந்ததும் அந்தத் தலைமுறையில்தான். நான் வறுமையில் வாடிய புலையக் குடும்பத்துப் பெண்ணில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அவர் அனுதாபத்தைக் கையில் எடுத்ததே கிடையாது; அவருடைய பேச்சுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்து, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் எடுத்து, 1935-ல் பி.ஏ. முடித்தார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான் என்று சொல்கிறார்கள். பட்டத்தைவிட அதைப் பெற்ற விதம் கவனிக்கத்தக்கது. ஆய்வகத்தில் மேல்ஜாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்டமாட்டார். மற்றவர்களுக்குக் காட்டும்போது தள்ளி நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் குடுவையில் எதை ஊற்றினார்கள், நிறம் எப்போது மாறியது என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கற்றுக்கொண்டார். அதன்பிறகு சென்னையில் ஆசிரியப் பயிற்சி. பத்து வருஷம் திருச்சூர், திருப்பூணித்துறை பக்கத்து அரசுப் பள்ளிகளில் டீச்சர் வேலை.

அந்த டீச்சர் காலத்து வரப்புக் கதை ஒன்றை அவர் குடும்பத்தில் சொல்வார்கள். ஒற்றையடி வரப்பில் தாட்சாயணி நடந்து வருகிறார். எதிரே ஒரு நாயர் பெண்மணி. வழக்கப்படி புலையப் பெண் வயலில் இறங்கிச் சேற்றில் நின்று வழிவிட வேண்டும். அந்த அம்மாள் இறங்கச் சொன்னார். டீச்சர் நகரவில்லை. போக வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போங்கள் என்றார். இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் வயலில் இறங்கியது நாயர் அம்மாள்.

டில்லியில் அவர் பேசியதெல்லாம் இந்த வரப்பில் நின்று பேசியதாகவே எனக்குப் படுகிறது. வழி விடச் சொல்லிக் கெஞ்சமாட்டார். வழி வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரையும் நம்பமாட்டார்.

1940-ல் சமூக சேவகர் ஆர். வேலாயுதனோடு திருமணம். நடந்த இடம் வார்தாவில் காந்தியின் சேவாகிராமம். காந்தியும் கஸ்தூரிபாவும் சாட்சி. சடங்கை நடத்தி வைத்தவர் ஒரு தொழுநோயாளி. இந்தக் கல்யாணத்தை வைத்து அவரைக் காந்தி பக்தை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி முடிக்க முடியாது. 1945-ல் கொச்சி சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். 1925-ல் அந்தச் சபை தொடங்கியபோது தாழ்த்தப்பட்டோருக்காகப் பேச நியமிக்கப்பட்டவர் பண்டிட் கருப்பன். இருபது வருஷம் கழித்து, தோணிச் சபைக்காரர்களின் வீட்டுப் பெண்ணே வந்து உட்கார்ந்தார். தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போகிறது, பஞ்சாயத்திலும் முனிசிபாலிட்டியிலும் அவர்களுக்கு இடம் ஏன் குறைகிறது என்று கேட்டார். காந்தி கொடுத்த ‘ஹரிஜன்’ என்ற பெயரையும் விட்டுவைக்கவில்லை. தீண்டாமை இருக்கும்வரை அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை, நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பது மாதிரிதான் என்றார். காந்தி சாட்சியாக நின்ற கல்யாணம் முடிந்து ஐந்தே வருஷம் ஆகியிருந்தது.

1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். மக்கள் நேராக ஓட்டுப் போட்ட தேர்தல் இல்லை; மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் போட்டது. கொச்சி சமஸ்தானம் அப்போது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அதன் பிரதிநிதி உள்ளே வந்தது அடுத்த வருஷம் ஏப்ரலில்தான். தாட்சாயணி போனது சென்னை மாகாணத்தின் பட்டியலில். அதே பட்டியலில் துர்காபாயும் அம்மு சுவாமிநாதனும். மொத்தச் சபைக்கும் பெண்கள் பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் ஒரே தலித் இவர். வயது முப்பத்து நான்கு.

அந்தக் காலத்தில் சென்னையிலும் அவருக்கு வேலை இருந்தது. 1946 முதல் 1949 வரை இங்கிருந்து வெளிவந்த ‘ஜெய் பீம்’ பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர். தாழ்த்தப்பட்ட இளைஞர்களின் நுண்கலை மன்றம் ஒன்றுக்கும் தலைவர். காங்கிரஸ் உறுப்பினராகச் சபையில் உட்கார்ந்துகொண்டு, அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய பத்திரிகையையும் நடத்தினார். அம்பேத்கரின் அரசியல் கோரிக்கை சிலவற்றைச் சபையில் எதிர்த்துப் பேசியதும் அவர்தான். அவரை எந்த முகாமில் சேர்ப்பது என்று தலையைச் சொறிகிற ஆய்வாளர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு.

நேரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1946 டிசம்பர் 13. இந்தியா சுதந்திரமான, இறையாண்மை கொண்ட குடியரசாக இருக்கும் என்ற குறிக்கோள் தீர்மானம். முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வரவில்லை. 17-ம் தேதி அம்பேத்கர் பேசினார். உரிமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், அவை மீறப்பட்டால் பரிகாரம் என்ன என்று சொல்லவில்லையே. தொழிலையும் நிலத்தையும் தேசியமயமாக்குவது பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டார். 19-ம் தேதி தாட்சாயணியின் முறை. ஆதிவாசிகளின் தலைவர் ஜெய்பால் சிங் தன்னைக் காட்டுவாசி என்று பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொண்டு பேசியதும் அன்றைக்குத்தான். அந்த ஒரு நாள் நடவடிக்கைக் குறிப்பை மட்டும் யாராவது தனிப் புத்தகமாகப் போட்டால் நல்லது.

பழைய லிச்சவிக் குடியரசை நினைவூட்டி ஆரம்பித்தார். குடியரசு நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை என்பது அதன் உட்பொருள். அரசியல் நிர்ணய சபையின் வேலை சட்டம் எழுதுவதோடு தீராது, மக்களுக்கு வாழ்க்கையின் புதிய சட்டகத்தையும் அது கொடுக்க வேண்டும் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஏழு கோடி ஹரிஜனங்களைச் சிறுபான்மை என்று ஏற்க நான் மறுக்கிறேன் என்றார். அவர்களுக்குத் தேவை விதவிதமான பாதுகாப்புகள் இல்லை, ஒரு தார்மீகப் பாதுகாப்பு. சமூக ஊனங்கள் உடனே நீங்க வேண்டும். சுதந்திரமான சோஷலிச இந்தியாவில்தான் அது நடக்கும்.

அந்தச் சமயத்தில் லண்டனில் சர்ச்சிலுக்குத் திடீரென்று தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் கரிசனம் வந்திருந்தது. இந்தியர்களிடம் ஆட்சியைக் கொடுத்தால் இவர்கள் கதி என்ன ஆகும் என்ற கவலை. தாட்சாயணி அதையும் எடுத்துக்கொண்டார். ஹரிஜனங்கள் இந்தியர்கள், இந்தியாவில் இந்தியர்களாகவே வாழ வேண்டியவர்கள், வாழ்வார்கள் என்று அடித்துச் சொன்னார். காங்கிரஸ் உறுப்பினர்கள் கைதட்டியிருப்பார்கள். அவர்கள் கைதட்டுகிற பேச்சு என்றே இதைப் படிக்கலாம். பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்குக் கொச்சி ராஜ்யத்துக் கோயில்களில் அவர் நுழைய முடியாது. திருவிதாங்கூரில் 1936-லேயே திறந்துவிட்டார்கள்; கொச்சி திறந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பாதுகாப்பு வேண்டாம், உடனே கதவைத் திற என்று சொல்கிறவரின் வாயிலிருந்து வரும்போது ‘தார்மீகப் பாதுகாப்பு’ என்பது மிதமான கோரிக்கை ஆகிவிடாது.

சுதந்திரம் வந்து பதின்மூன்றாம் நாள், 1947 ஆகஸ்ட் 28. சிறுபான்மையினர் அறிக்கைமேல் விவாதம். இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1932-ல் பூனா ஒப்பந்தம் தனித் தொகுதியை எடுத்துவிட்டுக் கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீட்டைக் கொடுத்தது. கூட்டுத் தொகுதியில் சிக்கல் எளிமையானது: வேட்பாளர் தாழ்த்தப்பட்டவர்தான், ஆனால் ஓட்டில் பெரும்பாலானது மற்ற ஜாதிக்காரர்களுடையது. தலையாட்டுகிறவர் யாரோ அவரையே அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நம் பக்கத்திலும் இது பழைய சண்டை. வட்டமேஜை மாநாட்டில் இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு நின்றார், எம்.சி. ராஜா 1932-ல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத் தொகுதிப் பக்கம் போனார். சென்னை மாகாணத்திலிருந்து வந்த எஸ். நாகப்பா இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னார்: ஒதுக்கிய இடத்தில் ஜெயிக்கிறவர் தன் சமூகத்தாரின் ஓட்டில் 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும்.

நியாயமான யோசனைதான். தாட்சாயணி எழுந்து எதிர்த்தார். தாழ்த்தப்பட்டவர்கள் என்றோ ஹரிஜனங்கள் என்றோ எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, அவர்கள் மற்றவர்களுக்குப் பொருளாதார அடிமைகளாக இருக்கும்வரை தனித் தொகுதியோ, கூட்டுத் தொகுதியோ, சதவீதம் வைத்த தொகுதியோ எதைக் கேட்டும் பயனில்லை என்பது அவர் வாதம். தன்னைப் பொறுத்தவரை எந்த இடத்திலும் எந்த வகை ஒதுக்கீட்டையும் ஆதரிக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நாகப்பாவின் திருத்தம் நிறைவேறவில்லை.

இந்தப் பேச்சின் கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்து, பார்த்தீர்களா, தலித் பெண் உறுப்பினரே ஒதுக்கீட்டை எதிர்த்தார் என்று இன்றைக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பாதியை அவர்கள் படிப்பதில்லை. அது கூலிக்கும் குடிசைக்கும் ஜன்மியைச் சார்ந்திருக்கிறவனின் ஓட்டு யாருடைய ஓட்டு என்ற கேள்வி. கேள்வி சரி. அவர் வந்து சேர்ந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. பொருளாதார அடிமைத்தனம் தீரும்வரை காத்திருந்தால் சபைக்குள் அதைப் பற்றிப் பேசவே ஆள் இருக்காது. ஒதுக்கிய இடங்கள் வழியாக உள்ளே வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டிகள் இல்லை என்பதை அடுத்த எழுபது வருஷம் காட்டியது. வரப்பில் தனியாக நின்று ஜெயித்தவருக்கு எல்லாரும் அப்படி நின்றுவிடலாம் என்று தோன்றியிருக்கலாம். பின்னால் பட்டமும் டீச்சர் வேலையும் தோணிச் சபை கட்டிய குடும்பமும் இல்லாதவள் நகராமல் நின்றால் என்ன நடந்திருக்கும் என்பது வேறு கதை.

1948 நவம்பர் 4-ம் தேதி அம்பேத்கர் வரைவை முன்வைத்தார். நான்கு நாள் கழித்துத் தாட்சாயணி பேசினார். வரைவில் கருத்தும் கொள்கையும் இல்லாத வறட்சிதான் தெரிகிறது என்றார். பழியை அம்பேத்கர் தலையிலோ வரைவுக் குழுவின் தலையிலோ மட்டும் போடவில்லை. உயர்ந்த லட்சியங்களைப் பேசிவிட்டு இதைக் கொண்டுவந்து நிறுத்திய எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு என்றார். அவருடைய முக்கியமான குறை அதிகாரம் டில்லியில் குவிவது. பரவலாக்கம் என்ற பேச்சு மத்தியிலும் இல்லை, மாகாணத்திலும் இல்லை. கவர்னர் பதவியைப் பார்த்தால் 1935-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டத்தின் நிழல் அப்படியே விழுகிறது. கவர்னர்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ள மாநிலத்திலிருந்து இதைப் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் நகர முடியும்.

அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு யோசனைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்த அரசியல் சட்டத்தை நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டு முடித்துவிடக் கூடாது. பொதுத் தேர்தல் ஒன்றின் மூலம் மக்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே அது நிலைபெற வேண்டும் என்றார். கணக்கைப் பாருங்கள். சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தது சொத்தும் படிப்பும் வரி ரசீதும் வைத்திருந்தவர்கள். காயலில் தோணி கட்டிக் கூடியவர்களில் பெரும்பாலோர் அந்த வாக்காளர் பட்டியலின் பக்கமே வந்திருக்க முடியாது. யாரைப் பற்றிப் பிரிவுகள் எழுதப்படுகின்றனவோ அவர்களிடம் இதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்ற உண்மையைச் சபைக்குள் இருந்தே ஒருவர் எழுப்பினார். யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை. 1949 நவம்பர் 26-ல் சபையே ஏற்றுக்கொண்டது. வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத் தேர்தல் அதன்பிறகுதான் வந்தது.

வரைவு வந்த 1948 நவம்பரிலேயே, 29-ம் தேதி, பதினொன்றாம் பிரிவு எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்றைக்கு நாம் பதினேழு என்று படிக்கிற பிரிவு: தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்தில் கடைப்பிடித்தாலும் குற்றம். ‘தீண்டாமை’ என்றால் என்ன என்று பிரிவில் விளக்கமே இல்லையே என்று நசிருத்தீன் அகமதும் கே.டி. ஷாவும் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இன்றுவரை இல்லை. 1947 ஏப்ரலில், அடிப்படை உரிமைகளின் முதல் சுற்றிலேயே, வங்காளத்தின் பிரமத ரஞ்சன் தாகூர் இன்னும் ஆழமாகப் போயிருந்தார்: ஜாதியைத் தொடாமல் தீண்டாமையை மட்டும் எப்படி ஒழிப்பீர்கள், அது நோயின் அறிகுறிதானே என்று.

தாட்சாயணி வரையறைச் சண்டைக்குப் போகவில்லை. வரைவுக் குழுவின் தலைவரே தீண்டத்தகாத சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கும்போது இப்படி ஒரு பிரிவு இல்லாத அரசியல் சட்டத்தை எதிர்பார்க்க முடியாது என்று இயல்பாகத் தொடங்கினார். மூன்று வாரத்துக்கு முன்பு கொள்கை வறட்சி என்று சொன்ன அதே வரைவைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். கோபமும் மரியாதையும் ஒரே ஆள்மேல் அவரால் வைக்க முடிந்தது. பிறகு தன் பழைய இடத்துக்கே வந்தார். சட்டம் வேலை செய்வது எதிர்காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மீறியவனைத் தண்டிப்பதே நோக்கமாக இருக்கக் கூடாது. மத்திய அரசும் மாகாண அரசும் முறையாகப் பிரசாரம் செய்ய வேண்டும். அரசியல் நிர்ணய சபையே ஜாதிப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு முன்மாதிரி காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சு நீண்டது. தலைமை நாற்காலியில் இருந்தவர் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி. நேரம் தாண்டிவிட்டது, நீங்கள் பெண் என்பதால்தான் அனுமதிக்கிறேன் என்றார். நடவடிக்கைக் குறிப்பில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. பெரியவர் நல்ல மனுஷர், கல்கத்தாவின் கல்வியாளர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். தீண்டாமையை ஒழிக்கிற பிரிவின்மேல், தீண்டாமையை அனுபவித்த ஒரே பெண் உறுப்பினர் பேசும்போது, அவருக்குக் கிடைத்த கூடுதல் நிமிஷங்கள் அனுபவத்துக்காக இல்லை, சேலைக்காக.

பிரிவு நிறைவேறியதும் சபையில் மகாத்மா காந்திக்கு ஜே என்று கோஷம் எழுந்தது. வரைவை எழுதியவர் பெயரை யாரும் கோஷமிட்டதாகக் குறிப்பில்லை.

சட்டம் போதாது, நடத்தை மாற வேண்டும் என்று அவர் சொன்னது வெறும் உபதேசமாகத் தோன்றலாம். அப்போது அவர் ஊர்ப்பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. 1947 டிசம்பரில் சேந்தமங்கலத்தில் பாலியம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பாலியத்து அச்சன்மார் ஒரு காலத்தில் கொச்சி ராஜாவின் பரம்பரை மந்திரிகள். அவர்கள் மாளிகையை ஒட்டிய பொதுச் சாலையில் கீழ்ஜாதிக்காரர்கள் நடக்கக் கூடாது. சுதந்திரம் வந்து நாலு மாசம் ஆகியும் சாலை திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் போராட்டம் நீடித்தது; 1948 மார்ச்சில் போலீஸ் அடித்ததில் ஏ.ஜி. வேலாயுதன் என்ற தொண்டர் இறந்துபோனார். டில்லியில் தீண்டாமை ஒழிந்த அந்த வருஷத்தில்தான் இது. பதினொன்றாம் பிரிவுக்குப் பல் கொடுக்கும் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955-ல். அதற்குள் தாட்சாயணி அவையில் இல்லை.

1950-ல் அரசியல் நிர்ணய சபை தற்காலிக நாடாளுமன்றமாக மாறியது. அவர் 1952 வரை இருந்தார். கணவர் வேலாயுதனும் அதில் உறுப்பினர். ஒரே அவையில் தலித் தம்பதி என்பது அதற்கு முன் நடந்ததில்லை. முதல் மக்களவைத் தேர்தலில் கொல்லம் – மாவேலிக்கரை இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து ஜெயித்து வேலாயுதன் தொடர்ந்தார். தாட்சாயணி தொடரவில்லை. எந்த ஒதுக்கீடும் வேண்டாம் என்றவர் அதன்பிறகு அவைக்குள் திரும்பவே இல்லை. 1971-ல் அடூர் தொகுதியில் நின்று பார்த்தார்; தோற்றார்.

வாழ்க்கை டில்லியிலேயே ஓடியது. ஐந்து பிள்ளைகள். முனிர்க்கா பக்கத்தில் துப்புரவு வேலை செய்த பெண்களிடையே வேலை செய்தார். 1977-ல், அறுபத்தைந்து வயதில், தலித் பெண்களின் தேசிய மாநாடு ஒன்றை டில்லியில் கூட்டினார். மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற அமைப்பு அதிலிருந்து வந்தது. இந்தக் கூட்டத்துக்கு யாரும் தோணி கட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூலை 20-ம் தேதி காலமானார்.

தன் வரலாற்றை எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டிருந்தார். அதற்கு அவர் தேர்ந்து வைத்திருந்த தலைப்பு, கடலுக்கு ஜாதியில்லை.

அடுத்த வாரம்: அதே சென்னைப் பட்டியலில் வந்த, ஆனக்கரைத் தறவாட்டிலிருந்து புறப்பட்ட அம்மு சுவாமிநாதன்.

(தொடரும்)